அணைத் தண்ணீருக்குள் ஒரு கல்லறை

கல்லறைத் திருநாளன்று இராயப்பன்பட்டியில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். ரோசம்மாள் மட்டும் வாய்க்காலுக்குப் போவாள். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூ வைத்து, ஊரே அவரவர் ஆட்களின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும். இவள் ஒற்றை மெழுகுவர்த்தியை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு மடை வரைக்கும் நடந்து, கரையில் ஒரு கல்லின் மேல் அதை நட்டு ஏற்றிவிட்டு, அது உருகித் தீர்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நாற்பது வருஷமாக இதே கதைதான்.

ஊர்ப் பெண்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "ரோசம்மா மீனுக்குத் திரி ஏத்தப் போறா" என்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"இந்தத் தண்ணி எங்க வீட்டு ஆளைத் தொட்டுட்டுத்தாண்டி வருது. ஒங்க ஆளுக கெடக்குற எடத்துல என்ன வருது? எறும்புதான வருது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. பெரியாற்றில் அணை கட்டியபோது கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கல் உடைக்கவும் சுண்ணாம்பு சுமக்கவும் மலையேறிய சனங்களில் லூர்துநாதனும் ரோசம்மாளும் இருந்தார்கள். அவன் கல்தச்சன். அவளுக்குப் பத்தொன்பது வயது, வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலாம் வருஷத்து மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் ஆள் இல்லை. அதே வாரம் இன்னும் மூன்று பேர் போனார்கள். நாலு பேரையும் ஆற்றுக்கு மேலே ஒரு சரிவில் புதைத்து, கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு கல் சிலுவை நட்டார்கள். மற்ற மூவரும் மண் சுமந்தவர்கள். லூர்துநாதன் ஒருவன்தான் கல் வேலைக்காரன் என்பதால் அவன் சிலுவையில் மட்டும் ஒரு சுத்தியலைச் செதுக்கிவைத்தார்கள்.

அடுத்த வருஷம் அணை மூடி நீர் தேங்கியது; மலையைக் குடைந்து அதைப் பள்ளத்தாக்கு வாய்க்கால்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆறு ஏரியாயிற்று. மரங்கள் நின்ற நிலையிலேயே முழுகிச் செத்தன. சரிவும் உள்ளே போயிற்று. எத்தனையோ கோடை வந்தும், ஏரி எவ்வளவோ வற்றியும், அந்த இடம் வெளியே வரவே இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு போகம் விளைந்தது. கம்பத்துச் சந்தையில் நெல் மூட்டை அடுக்க இடமில்லை. எல்லாரும் அணைத் தண்ணீரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ரோசம்மாளும்தான் கும்பிட்டாள். ஆனால் அவள் கும்பிட்டது எதற்கென்று அவளுக்குத்தான் தெரியும்.

வயிற்றில் இருந்த பிள்ளைதான் பங்கிராஸ். இந்தக் கதை நடக்கும்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது. ஆயில் எஞ்சின் ஃபிட்டர். உத்தமபாளையத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் எந்தக் கிணற்றில் பம்பு மக்கர் செய்தாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். பம்புக் குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வில் பாசி அடைத்துக்கொண்டால் மற்ற ஃபிட்டர்கள் குழாயைக் கழற்றி மேலே தூக்கச் சொல்வார்கள். இவன் சட்டையைக் கழற்றுவான். நூறு எண்ணுகிற வரைக்கும் கிணற்றுத் தண்ணீருக்குள் இருந்து வேலையை முடித்துவிட்டு வருவான்.

அப்பன் முகம் அவன் பார்த்ததில்லை. ஒரு படம் கிடையாது. அப்பன் உடுத்தின வேட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கிழவர் அவன் தாடையைப் பிடித்து, "அப்படியே லூர்துநாதன்" என்று சொன்னால் அன்று முழுக்கக் கண்ணாடியைப் பார்ப்பான். நாற்பது வயதுக்கு மேல் ஆன ஆம்பிளை செய்கிற காரியமா இது என்று அவன் பொண்டாட்டி கேலி செய்வாள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்துக் கோடையில் தேக்கடியில் ஒரு மோட்டார் படகின் எஞ்சினைப் பார்க்கப் போனான். அங்கே மூங்கில் தெப்பம் ஓட்டுகிற சுருளியாண்டி என்பவன் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னான்.

"ஏரியோட அந்த மேக்கு மடிப்புல கழி போட்டா கல்லு தட்டும் ஃபிட்டரே. நாலு கல்லு. ஒண்ணு ரெண்டு தடவ துழாவிப் பாத்தேன், சிலுவையாட்டம் இருக்கு. நாங்க அந்தப் பக்கம் தெப்பத்தைக் கொண்டுபோறதில்ல."

பங்கிராஸ் எஞ்சினைப் பாதியில் போட்டுவிட்டுத் தெப்பத்தில் ஏறினான். ஏழெட்டடி ஆழம்தான். முழுகிக் கண்ணைத் திறந்தால் ஒரே பச்சைக் கலங்கல், கைதான் கண். முதல் கல்லின் தோள்கள் கையில் தட்டின. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. எல்லாவற்றிலும் விரல் கனத்துக்குப் பாசி. நான்காவதில் நடுவே ஏதோ மேடு மாதிரி இருந்தது. சுத்தியலா, பாசியா? ஆசைப்பட்ட விரல் எதைத் தொட்டாலும் சுத்தியலாகத்தான் தொடும். அவனுக்கு அது தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஆத்தாளிடம் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சுத்தியலு இருந்துச்சா?"

"இருந்த மாதிரி இருந்துச்சு ஆத்தா."

"இருந்த மாதிரின்னா என்னலே? பாத்தியா, பாக்கலையா?"

"தண்ணிக்குள்ள கண்ணு தெரியாது. ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டு எறங்குனா அடுத்த தடவ பாத்துருவேன்."

"நீ பாத்து எனக்கென்ன ஆகப்போகுது? நான் பாக்கணும்" என்றாள் ரோசம்மாள். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபது வயதானவளைத் தண்ணீருக்குள் இறக்க முடியாது. அப்படியானால் தண்ணீருக்குள் இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும். கல்லைப் பெயர்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான்; நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டான். மிச்சம் இருந்தது படம்தான்.

பெரியகுளத்தில் சண்முகராஜ் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். அவன் வீட்டுத் தோட்டத்துப் பம்புக்குப் பங்கிராஸ்தான் வைத்தியன். போன காரியத்தைச் சொல்லாமல், "ஒரு கேமரா வேணும்ணே, காட்டுங்க" என்று உட்கார்ந்தான்.

சண்முகராஜ் முதலில் காட்டியது ஸ்டாண்டு கேமராவை. கறுப்புத் துணி, கண்ணாடித் தகடு, பித்தளை மூடி. "இதுல எடுத்தா மாப்பிள்ளை மீசையில எத்தனை முடின்னு எண்ணிரலாம்" என்றான். பங்கிராஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். தகட்டைச் சொருக ஒரு கை, மூடியைத் திறக்க ஒரு கை, துணியைப் பிடிக்க ஒரு கை. இதை மூட வேண்டுமென்றால் கோயில் மணி அளவுக்கு ஒரு கூண்டு வேண்டும். வேண்டாம் என்று தலையாட்டினான்.

அடுத்தது மடிப்புக் கேமரா. மூடியைத் திறந்தால் துருத்தி விரிந்து கண்ணாடி முன்னால் வந்து நின்றது. அதைக் கையில் வாங்கியதும் பங்கிராஸுக்கு மனசு இளகிவிட்டது. திருகுகளின் வழவழப்பு, நீலம் பாய்ந்த கண்ணாடி, அமுக்கினால் எழும்புகிற சின்னச் சத்தம்: இயந்திரம் தெரிந்தவன் ஆசைப்படாமல் இருக்க முடியாத சாமான். தூரத்துக்கு ஒரு திருகு, வெளிச்சத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, அமுக்க ஒன்று என்று சண்முகராஜ் விளக்கிக்கொண்டே போனான். பங்கிராஸ் எண்ணிக்கொண்டே வந்தான்.

"நாலு திருகுன்னா நாலு தொளை. நாலு தொளைன்னா நாலு ஒழுக்கு" என்று சொல்லி அதை மேசையில் வைத்தான். வைத்த பிறகும் கையை எடுக்க அவனுக்கு நேரமாயிற்று.

"இதுக்கு எதுக்குய்யா தொளை போடுற?" என்று சண்முகராஜ் பதறினான்.

"அந்த மூலையில கெடக்குதே, அது என்ன?"

"அதுவா? பெட்டிக் கேமரா. துரை வீட்டுப் பிள்ளைக வெளையாடுற சாமான். ஒரே ஒரு நெம்புதான் இருக்கு. அமுக்குனா படம். இந்தத் தகட்டை மேல தூக்கிவிட்டா, ஒரு தடவ அமுக்குனாத் தெறக்கும், மறு தடவ அமுக்குனா மூடும். ஒரு ஃபிலிம் சுருளுக்கு எட்டுப் படம்."

"ஒரே நெம்பு" என்று பங்கிராஸ் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அதையே எடுத்தான்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். சண்முகராஜ் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவன், கேட்டு முடித்ததும் மூடிக்கொண்டான். உள்ளே போய் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி வில்லையைக் கொண்டுவந்தான்.

"பெட்டிக் கேமரா பத்தடிக்கு அங்கிட்டுத்தான் தெளிவாப் பாக்கும். கலங்கல் தண்ணியில பத்தடிக்கு என்ன தெரியப்போகுது? இதை முன்னால மாட்டுனா மூணரை அடியில பாக்கும். வெளிச்சம் கம்மியா இருக்கும், ரெண்டு செகண்டு தெறந்து வையி. ஆடக் கூடாது." பிறகு, "படத்தை நானே கழுவித் தாரேன். வேற எவன்கிட்டயும் குடுத்துராத" என்றான்.

இனி வேண்டியது கூடு. முதலில் பங்கிராஸ் ஒரு பிஸ்கட் டப்பாவைப் பிடித்து, முன்னால் கண்ணாடி வைத்து, சந்துகளையெல்லாம் கோயில் மெழுகால் அடைத்தான். நல்லவேளை, கேமராவை வைக்காமல் ஒரு செங்கல்லை வைத்துக் கிணற்றில் இறக்கிப் பார்த்தான். பத்தடியில் டப்பா நெளிந்து, மெழுகு விட்டு, செங்கல் குளித்துவிட்டு வந்தது. இரண்டாவதாகப் பித்தளைத் தூக்குவாளி. மூடி எவ்வளவு இறுக்கினாலும் கசிந்தது. தன் தொழிலை விட்டுவிட்டு அடுப்படிச் சாமானோடு மல்லுக்கட்டுகிறோமே என்று அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. பட்டறையில் கிடந்த ஆறங்குலப் பம்புக் குழாயில் ஒன்றரைச் சாண் வெட்டினான். இரண்டு பக்கமும் போல்ட்டு முடுக்க ஃபிளாஞ்சு வளையம். முன்பக்கம் பழைய பஸ் கண்ணாடியை வட்டமாக அறுத்து ரப்பர் வைத்து போல்ட்டு முடுக்கினான். பின்பக்கம் இரும்பு மூடி. அதில் ஒரே ஒரு துளை. அதன் வழியே கேமராவின் நெம்பை அமுக்க ஒரு கம்பி, கம்பியைச் சுற்றி ஒழுக்கை அடைக்கக் கிரீஸ் தோய்ந்த பேக்கிங் கயிறு. பம்பில் தண்ணீரை உள்ளே அடைத்து வைக்கிற அதே வேலைதான், இங்கே வெளியே நிறுத்தி வைக்க வேண்டும். கீழே மூன்று இரும்புக் கால்கள். முன்னால் அளவுக்கு ஒரு மூங்கில் குச்சி: குச்சி நுனி கல்லைத் தொட்டால் தூரம் சரி. கனம் கிட்டத்தட்ட ஒரு ஆட்டுக்குட்டி தேறும். முழுகுவதற்கு அதுவும் வசதிதான்.

ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் கிணற்றில் எடுத்த முதல் சுருள் முழுக்க வெறும் புகை. சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்துவிட்டது. பங்கிராஸ் துடைத்துப் பார்த்தான், வெயிலில் காயவைத்துப் பார்த்தான், எஞ்சினைத் திட்டுகிற வார்த்தைகளையெல்லாம் திட்டிப் பார்த்தான்.

"உப்புச் சாடி கசிஞ்சா நாம என்ன போடுவோம்?" என்று கேட்டாள் ரோசம்மாள், வெங்காயம் உரித்தபடியே.

அவளே அரிசியைச் சிவக்க வறுத்து, துணியில் முடிந்து கொடுத்தாள். அதற்கப்புறம் கண்ணாடி வேர்க்கவில்லை.

இரண்டாவது சுருளில் வால்வு தெரிந்தது, மங்கலாக. மூணரை அடி நிலத்துக்குச் சரி, தண்ணீருக்குச் சரியில்லை என்று கண்டுபிடிக்க இன்னொரு சுருள் போயிற்று. தண்ணீர் எதையும் கிட்டே இழுத்துக் காட்டும். அந்தப் பொய்க்கும் சேர்த்து அளக்க வேண்டும். மூங்கிலை நாலரை அடியாக்கினான். நாலாவது சுருளில் ஃபுட் வால்வின் துளைகளை எண்ண முடிந்தது. ரோசம்மாள் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வால்வு இவ்வளவு லட்சணமாவா இருக்கு!" என்றாள்.

இதற்குள் ஒரு வருஷம் ஓடி, முப்பத்தாறாம் வருஷத்து மே மாதம் வந்தது. ஏரி வற்றிக் கிடந்தது. ஜூனில் மழை இறங்கிவிட்டால் ஏழடி எழுபதடியாகும். கையில் ஒரே ஒரு சுருள்.

சுருளியாண்டி தெப்பத்தை மேற்கு மடிப்பில் கொண்டுபோய்க் கட்டினான். பங்கிராஸ் முதலில் கேமராவைத் தொடவில்லை. தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு முழுகினான். நான்காவது கல்லின் பாசியை மேலிருந்து கீழாகத் தேய்த்தான். மூச்சு முட்டினால் மேலே வருவான், மறுபடி போவான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வருஷா வருஷம் தங்கள் அப்பன் கல்லறைக்குச் செய்கிற வேலை இது. அவன் ஆயுசில் முதல் தடவையாகச் செய்தான். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ முழுக்கில் சிலுவையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அப்பா என்று யாரையும் அவன் கூப்பிட்டதில்லை. தண்ணீருக்குள் வாயைத் திறக்க முடியாது. இருந்தாலும் கூப்பிட்டான். குமிழிதான் வந்தது.

"ஃபிட்டரே, செத்துத் தொலைச்சுராதீக. அணைக்காரவுகளுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று மேலே சுருளியாண்டி கத்திக்கொண்டிருந்தான்.

கலங்கல் அடங்க ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கியதும் பங்கிராஸ் குழாயோடு முழுகினான். மூன்று கால்களையும் ஊன்றி, மூங்கில் நுனியைக் கல்லில் தொடவைத்து, கம்பியைத் தள்ளினான். ரெண்டு செகண்டுக்கு அவனிடம் ஒரு கணக்கு இருந்தது: மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் வரி. கிணற்றில் அதை வைத்துத்தான் பழகியிருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் மேலே வந்து, குழாயைத் துடைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, சுருளைத் திருகி, மறுபடி முடுக்க வேண்டும்.

மூன்றாவது முழுக்கில்தான் தன் தப்பு அவனுக்குத் தெரிந்தது. நெஞ்சு ஏன் இப்படி வெடிக்கிறது என்று யோசித்தபோது, மந்திரம் கடைசி வரியின் மரண நேரம் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. கிணற்று வால்வின் முன்னால் முதல் வரியோடு நிறுத்த முடிந்தவனுக்கு இங்கே நிறுத்த முடியவில்லை. மூன்று தடவையும் முழு மந்திரத்தையும் சொல்லியிருக்கிறான். வெளிச்சம் கூடிப்போய் மூன்று படமும் வெந்திருக்கும்.

தெப்பத்தில் ஏறி உட்கார்ந்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டான். நாலாவது படத்துக்குக் கம்பியை அவசரமாகத் தள்ளிக் குழாயை ஆட்டிவிட்டான். ஐந்தாவதற்குக் கால் பட்டுச் சேறு கிளம்பிற்று. ஆறாவதற்கும் அது அடங்கவில்லை. மலைக்குப் பின்னால் மேகம் கூடிக்கொண்டு வந்தது. ஏழாவதற்கு முன் கரையில் அரை மணி நேரம் மல்லாந்து கிடந்தான். பிறகு போய், மந்திரத்தை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு என்று வெறுமனே எண்ணிவிட்டு வந்தான். எட்டாவதற்குள் வெயில் மறைந்துவிட்டது.

சண்முகராஜ் சுருளை இருட்டறைக்குள் கொண்டுபோனபோது பங்கிராஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு திறக்க எவ்வளவு நேரமாயிற்றென்று அவனுக்குத் தெரியாது. வெளியே வந்தவன் சொட்டுகிற படம் ஒன்றை இரண்டு விரலில் பிடித்திருந்தான்.

"ஏழு போச்சு. ஒண்ணு தப்பிச்சிருக்கு."

படத்தின் நடுவில் சிலுவை நின்றது. மேலே இருந்து வெளிச்சம் இழை இழையாக விழுந்திருந்தது. ஒரு சின்ன மீன் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. சிலுவையின் தோள்கள் சேருமிடத்துக்குக் கீழே, கைப்பிடி சாய்ந்தபடி, சுத்தியல். பங்கிராஸ் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. சண்முகராஜ்தான் படத்தில் சொட்டு விழாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

கல்லறைத் திருநாள் வரைக்கும் வைத்திருந்து கொடுக்கலாம் என்று பங்கிராஸின் பொண்டாட்டி யோசனை சொன்னாள். அவனால் அன்று சாயங்காலம் வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை. வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த ஆத்தாளின் மடியில் படத்தை வைத்தான்.

ரோசம்மாள் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்த பிறகுதான் எடுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சுத்தியலை விரலால் தொட்டாள். அழுவாள் என்று பங்கிராஸ் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. முகம் மலர்ந்து, யாரையோ ரொம்ப நாள் கழித்துச் சந்தையில் பார்த்துவிட்டவளாக, "இந்தா இருக்காகள்ல" என்றாள்.

பங்கிராஸுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு வருஷத்துக் கஷ்டமும் அந்த ஒரு வார்த்தைக்குச் சரியாகப் போயிற்று. வேலை முடிந்தது, ஆத்தாளுக்கு இனி நிம்மதி என்று அவன் நினைத்தான். அவன் நினைப்பில் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பொம்பிளையின் மனசு அவனுக்கு எப்படித் தெரியும்?

அவள் விரல் சிலுவையை விட்டு இடது பக்கமாக நகர்ந்தது.

"இது என்னலே, இந்த எடத்துல?"

"அங்கன ஒண்ணுமில்ல ஆத்தா. வெறும் மணலு."

"கல்லு கில்லு எதுவும் இல்லையே?"

"மத்த மூணு கல்லும் வலது பக்கம் இருக்கு. இந்தப் பக்கம் காலியாத்தான் கெடக்கு."

ரோசம்மாள் அந்த வெற்றிடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"அவுகளைப் பொதைச்ச அன்னைக்கு நான்தான் சொன்னேன். எடது பக்கத்துல எனக்கு எடம் விடுங்கன்னு. சின்னப் பிள்ளை பேச்சுன்னு யாரும் காதுல வாங்குன மாதிரித் தெரியல. மறுநாளே மலைய விட்டு எறக்கி அனுப்பிட்டாக." அவள் கட்டைவிரலை எடுத்து அந்த இடத்தைக் காட்டினாள். "விட்டுத்தான் வச்சிருக்காக, பாத்தியா?"

பங்கிராஸ் அவள் பக்கத்தில் வாசலில் உட்கார்ந்தான்.

"இத்தன வருசமா, வேற யாரையாச்சும் அங்கன வச்சிருப்பாகன்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். அதனால இங்கனயே கெடந்துட்டுப் போவோம்னு இருந்துச்சு. இப்ப எடம் இருக்குன்னு காட்டிட்டியேலே" என்றாள் ரோசம்மாள். "இனி நான் இந்த மண்ணுல எப்படிப் படுப்பேன்?"